தேங்காய் எண்ணெய் போதும், கற்பூரம் வேண்டாம்

பிள்ளைக்குச் சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கி, நெஞ்சிலும் முதுகிலும் தடவுவது பல தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உண்டு. பாட்டியின் கைமருந்து என்பதால் பெரும்பாலும் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

ஆனால், கற்பூரம் தோல்வழியாகவும் மூச்சுவழியாகவும் உடலுக்குள் செல்லக்கூடியது. கைக்குழந்தையின் தோல் மெல்லியது. உள்ளே சென்றதை முறித்து வெளியேற்றும் அளவுக்குக் கல்லீரலும் முதிர்ந்திருக்காது. அளவு கூடினால் வலிப்பு வரலாம். கடைகளில் விற்கும் நெஞ்சுத் தைலங்கள் சிலவற்றில், இரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அச்சிட்டிருப்பது இதனால்தான். அமெரிக்காவில் அத்தகைய தைலங்களில் கற்பூரம் 11 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வீட்டில் காய்ச்சும் எண்ணெயில் ஒரு வில்லையா, மூன்றா என்பது காய்ச்சுபவரின் கைக்கணக்கு.

‘ஜி6பிடி’ குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஒரு நொதி இவர்களுக்குக் குறைவாக இருக்கும். சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இது பரிசோதிக்கப்பட்டு வருகிறது. ஆண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும். இந்தியர்களிடையே குறைவுதான் என்றாலும், இல்லாமல் இல்லை.

இத்தகைய குழந்தையின் சிவப்பணுக்கள் திடீரென உடைந்தால் மஞ்சள் காமாலை கடுமையாகும். அது முற்றி மூளையைத் தாக்கினால் செவித்திறன் இழப்பு, மூளை முடக்குவாதம் போன்றவை வாழ்நாள் முழுதும் தொடரலாம். பெற்றோரிடம் தரப்படும் தவிர்க்கவேண்டியவை பட்டியலில் பொதுவாக அந்துருண்டையும் கற்பூரமும் இருக்கும்.

அந்துருண்டை சருமப் பராமரிப்புப் பொருள் அல்லவே எனத் தோன்றலாம். மூத்த பிள்ளையின் சட்டைகளை அலமாரியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்து, தம்பிக்கு எடுத்து அணிவிப்பது சாதாரணமாக நடப்பது. துணியில் தங்கியிருக்கும் நாஃப்தலீன், எண்ணெய் தடவிய தோலில் இன்னும் எளிதாக இறங்கும். மலாயில் ‘காப்பூர் பாருஸ்’ என்றால் கற்பூரம்; அந்துருண்டையையும் பலர் அதே பெயரில்தான் கேட்டு வாங்குகிறார்கள். இரண்டும் வேறு பொருள்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டையும் தள்ளிவைப்பதே நல்லது.

எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவதை நிறுத்தவேண்டியதில்லை, கற்பூரம் சேர்க்காமல் இருந்தால் சரி. கடைத் தைலமாக இருந்தால் ‘கேம்ஃபர்’, ‘மென்தால்’, ‘மெத்தில் சாலிசிலேட்’ ஆகிய பெயர்கள் புட்டியில் உள்ளனவா என்று பார்க்கலாம். ‘இயற்கை’ என்ற சொல்லை மட்டும் நம்பவேண்டாம்; கற்பூரமும் மரத்திலிருந்து வருவதுதான்.

குழந்தையின் கண்ணிலோ தோலிலோ மஞ்சள் ஏறினாலும், முகம் வெளிறினாலும், சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தடவிய தைலப் புட்டியையும் கையோடு எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவும்.