ஒரு லேப்டாப்... இரண்டு டிஸ்க்!

காலையில் ஆபீஸில் லேப்டாப்பை ஆன் பண்ணிவிட்டு, அது கண் விழிப்பதற்குள் கீழே போய் ஒரு டீயும் மசால் வடையும் முடித்துவிட்டு வருகிற ரகமா நீங்கள்? 'சனியன், புதுசா ஒண்ணு வாங்கித் தொலைச்சிடலாம்' என்று இ.எம்.ஐ. கணக்குப் போட ஆரம்பித்துவிட்டீர்களா? ஒரு நிமிஷம் பொறுங்கள் ஸார்!

'நீயோ பி.காம்., உனக்கு எதுக்கு டிஸ்க் விவகாரம்?' என்று கேட்கலாம். இது சரக்கை எங்கே அடுக்குவது என்கிற விவகாரம். எந்த மளிகைக் கடை அண்ணாச்சிக்கும் அத்துப்படி. அடிக்கடி விற்கிற சரக்கு கைக்கெட்டும் அலமாரியில். மூட்டை மூட்டையாக இருப்பது பின்னால் குடோனில். எட்டுப் பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய லேப்டாப்பில் பெரும்பாலும் அலமாரியே கிடையாது. எல்லாமே குடோன்தான்!

அந்தக் குடோனின் பெயர் ஹார்ட் டிஸ்க். உள்ளே ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றும். அதன் மேல் ஒரு கை இங்கும் அங்கும் ஓடி, வேண்டிய தகவல் சுற்றி வரும்வரை காத்திருந்து படிக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் சராசரியாக 15 மில்லி செகண்டாவது ஆகும். அதாவது, ஒரு செகண்டில் அறுபது எழுபது துண்டுதான். விண்டோஸ் எழுந்திருக்கவோ ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டித் துண்டுகள் வேண்டும். டீ ஆறிப்போவது இதனால்தான்.

எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, கையும் இல்லை. எல்லாம் சிப். தோஷிபா கம்பெனியில் இருந்த ஃபுஜியோ மசுவோகா என்ற ஜப்பானியர் 1980-களில் கண்டுபிடித்த ஃப்ளாஷ் மெமரிதான் இதற்கு மூலம். கேட்ட துண்டை 0.1 மில்லி செகண்டில் கொடுத்துவிடும். பெரிய சினிமா ஃபைலைப் படிப்பதில் ஹார்ட் டிஸ்க் செகண்டுக்கு 100 எம்.பி. என்றால், சாதா எஸ்.எஸ்.டி. 500-க்கு மேல். 'அஞ்சு மடங்குதானே' என்று நினைக்காதீர்கள். சில்லறை வேலையில் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். நம் ஆபீஸ் வேலை பூராவும் சில்லறைதானே!

அதற்காகப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேவலமாகப் பார்க்காதீர்கள். 1956-ல் ஐ.பி.எம். விட்ட முதல் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது; எடை ஒரு டன் சொச்சம். கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. இன்றைக்கு செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே சரியாகிவிடும்! உங்களுடையது அதைவிட லட்சம் மடங்கு கொள்ளும். கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போக மதிப்பு பூஜ்யம். ஆனால் சுமை தாங்கும். அப்புறம் எதற்குத் தூக்கிப் போடுவது? இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே மாட்டுவது?

சில லேப்டாப்பில் எம்.2 என்ற சின்னத் துளை காலியாக இருக்கும். அதிர்ஷ்டம்! ஆனால் சாட்டா, என்.வி.எம்.ஈ. என்று அதில் இரண்டு ஜாதகம். உங்கள் மாடலுக்கு எது பொருந்தும் என்று பார்த்தபிறகுதான் தாலி கட்ட வேண்டும்.

துளை இல்லை, டி.வி.டி. டிரைவ் இருக்கிறதா? கடைசியாக அதில் யார் கல்யாண கேஸட் பார்த்தீர்கள்? கழற்றுங்கள். அந்த இடத்தில் 'கேடி' என்ற சட்டத்தைச் செருகலாம். (இது போலீஸ் ஸ்டேஷன் கேடி இல்லை!) 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு கனம். அளந்துகொண்டு ரிச்சி தெருவுக்குப் போங்கள். புது எஸ்.எஸ்.டி.யைப் பழைய டிஸ்க் இருந்த இடத்தில் மாட்டி, பழையதைக் கேடியில் போடுங்கள். சில பழைய மாடல்களில் டி.வி.டி. பக்கத்து இணைப்புக்குப் பாதி வேகம்தான்.

இரண்டுமே இல்லையென்றால் எஸ்.எஸ்.டி. உள்ளே, பழசு யு.எஸ்.பி. பெட்டிக்குள். அவ்வளவுதான்.

விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், எழுப்பிவிடும் ஃபைல்களை அது பழைய டிஸ்க்கிலேயே கொண்டுபோய் வைத்துவிடலாம். பிற்பாடு பழசு படுத்தால் புதுசும் கூடவே படுக்கும். விண்டோஸ், டாலி, எக்ஸெல், இந்த மாச வேலை எல்லாம் எஸ்.எஸ்.டி.யில். சினிமா, போட்டோ, போன வருஷத்து ஃபைல்கள் பழசில். எஸ்.எஸ்.டி.யை மூச்சு முட்ட நிரப்பாதீர்கள். கொஞ்சம் காலி இடம் இருந்தால்தான் ஓடும்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் ப்ராஸஸர் 11-ஐ ஏற்காத வயசானது என்றால், எஸ்.எஸ்.டி. வேகம் கொடுக்குமே தவிர, பாதுகாப்பு கொடுக்காது. செலவுக்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ரெண்டு இருக்கே, பயம் எதுக்கு?

இப்படித்தான் கேட்டார் என் நண்பர் ஒருவர். ஆடிட்டர் ஆபீஸில் வேலை. லேப்டாப்பில் இரண்டு டிஸ்க் போட்டுக்கொண்டு, 'ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் பையை விட்டுவிட்டு இறங்கினார். பை போனது; பைக்குள் லேப்டாப், லேப்டாப்புக்குள் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே போயின. கட்சிக்காரர்களின் மூன்று வருஷக் கணக்கை மறுபடி கேட்டு வாங்கிவிட்டார். பெண் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்களை யாரிடம் கேட்பது? இன்றைக்கும் அவர் மனைவி அந்தப் பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

திருட்டே போகாவிட்டாலும் ஆபத்து உண்டு. ஹார்ட் டிஸ்க் சாகும்முன் பெரும்பாலும் 'கடக், கடக்' என்று முனகும். எஸ்.எஸ்.டி. பல சமயம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அதில் அழித்த ஃபைலை மீட்பதும் பெரும்பாலும் நடக்காத காரியம். 'ட்ரிம்' என்ற ஏற்பாடு அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடும்.

ஆகவே, ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க் இரண்டு பிரதி ஆகாது. ஒரே பர்ஸில் இரண்டு அறை, அவ்வளவே! சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் மாதிரி, வாரம் ஒரு தடவை வெளியே ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்து பீரோவில் வையுங்கள். எண்ணெய்க் குளியலை விட்டுவிட்டவர்கள் இதையாவது விடாதீர்கள்!