உத்தரவாதச் சீட்டும் சட்டத்தின் உறுதியும்

உத்தரவாதச் சீட்டில் குறித்துள்ள காலம் முடிந்ததும் பொருள் வாங்கியவரின் உரிமையும் முடிந்துவிடுகிறது என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். இவ்வெண்ணம் சரியன்று. உத்தரவாதம் மூவகைப்படும். அவற்றைப் பிரித்தறியாமையே வீண் செலவுக்கும் மனவருத்தத்திற்கும் காரணமாகிறது.

முதலாவது, சட்டம் தரும் உறுதி. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாய் இருத்தல் வேண்டும் என்கிறது. உரிய பயனைத் தருதல், சிறு பழுதும் இன்மை, ஆபத்தின்மை, நீடித்துழைத்தல் ஆகியன அத்தரத்தின் கூறுகள். பொருளின் இயல்பும் விலையும் கருதியே தரம் அளக்கப்படும். சீட்டில் எழுதப்படாவிடினும் இவ்வுறுதி உண்டு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று கடைச் சுவரில் எழுதி வைப்பதனால் அஃது அழிந்துவிடாது.

இரண்டாவது, உற்பத்தியாளர் தாமே தரும் உத்தரவாதம். இதனை நுணுகிப் படித்தல் வேண்டும். குளிர்ப்பெட்டியின் கதவில் ‘10 ஆண்டு’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். அப்பத்தாண்டு பெரும்பாலும் கம்ப்ரசர் என்னும் ஓர் உறுப்புக்கே உரியது. மற்ற உறுப்புகளுக்கும் பழுது பார்ப்பவரின் கூலிக்கும் ஓராண்டோ ஈராண்டோதான். எங்கள் தோட்டத்துப் பெற்றோர் ஒருவரின் குளிர்ப்பெட்டி 14ஆம் மாதத்தில் நின்றுபோயிற்று. பழுது மின்சுற்றுப் பலகையில். அதற்குரிய ஓராண்டோ கடந்துவிட்டது. சீட்டைக் காட்டியே கடைக்காரர் அவரைத் திருப்பியனுப்பினார். சீட்டின்படி அது சரியே. ஆனால், இத்துணை விலை கொடுத்து வாங்கிய குளிர்ப்பெட்டி பதினான்கே மாதத்தில் நின்றுபோவது ஏற்கத்தக்க தரமா? சட்டத்தின்படி எழுப்ப வேண்டிய வினா இதுவே. அவ்வினாவை அவர் எழுப்பவில்லை; எழுப்பலாம் என்று அவர்க்கு எவரும் சொல்லவுமில்லை.

மூன்றாவது, பணம் கொடுத்து வாங்கும் நீட்டிப்பு உத்தரவாதம். மின்னணுக் கருவிகளில் பழுது பெரும்பாலும் இருவேளைகளில் தோன்றும். செய்முறைக் குறையால் தொடக்கத்தில் தோன்றுவது ஒன்று; உறுப்புகள் தேய்ந்து பிற்காலத்தில் தோன்றுவது மற்றொன்று. தொடக்கப் பழுதுக்கு முதலிரண்டு உறுதிகளே காப்பு. நீட்டிப்புக் காலமோ பழுது குறைந்த இடைக்காலத்திலேயே முடிந்துவிடக் கூடும். மேலும், இடி மின்னல், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, எறும்பு, எலி ஆகியவற்றால் வரும் கேட்டைப் பல ஒப்பந்தங்கள் விலக்கிவிடுகின்றன. நம் நாட்டில் இவையன்றோ அடிக்கடி வருவன! ஆதலின் பணம் கட்டுமுன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். பொறுப்பேற்பவர் கடைக்காரரா, உற்பத்தியாளரா, வேறொரு நிறுவனமா? காலம் என்று தொடங்குகிறது? உறுப்போடு கூலியும் அடங்குமா? விலக்கப்பட்டவை எவை? விடை தெளிவாக இல்லையெனின் அப்பணத்தைச் சேமித்து வைப்பதே நன்று.

பழுது கண்டவுடன் செய்ய வேண்டியவை சில. கருவியை வேறொருவர் திறந்து பார்க்க விடலாகாது. குறையைத் தேதியிட்டு எழுத்து மூலம் கடைக்குத் தெரிவித்தல் வேண்டும். சீர்செய்யத்தக்க குறையாயின், தகுந்த காலத்துள் சீர்செய்யுமாறு கேட்கலாம். அவ்வாறு செய்யாவிடினும், குறை பெரிதாயினும், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஆனால் காலந்தாழ்த்தினால் அவ்வுரிமை போய்விடும். இக்காலத்து ரசீதுகள் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சாகின்றன. சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே படியெடுத்து வைத்தல் நலம்.

கடைக்காரர் இணங்காவிடின், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையுள்ள கோரிக்கைகளை அம்மன்றம் ஏற்கும். கோரிக்கை எழுந்த 3 ஆண்டுக்குள் செல்ல வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. மன்றத்தின் தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாமை குற்றமாகும்.

2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட். அவ்வூதியம் பெறுவோர்க்கு ஒரு குளிர்ப்பெட்டி ஒரு மாத உழைப்பையே விழுங்கிவிடக் கூடும். அவர்களுட் பலர்க்குச் சீட்டின் மொழியும் மனுவின் மொழியும் எளியவையல்ல. அவர்கள் நம்பி வந்து கேட்கும் இடம் பள்ளிக்கூடம். எனவே ஆசிரியப் பெருமக்கள் இச்சட்டத்தை அறிந்திருத்தல் வேண்டும். உயர்வகுப்புகளில் கடிதம் எழுதப் பயிற்றுங்கால், பழுதான பொருள் குறித்துக் கடைக்கு எழுதும் கடிதம் ஒன்றையும் பயிற்றுவிக்கலாம். மாணவர் எழுதும் அக்கடிதம் என்றேனும் ஒருநாள் அவர்தம் பெற்றோர்க்கே பயன்படும்.