ஆட்டோ முதுகில் ஏறிய கலாம்

மாதவரத்திலிருந்து வடக்கே ஜி.என்.டி. சாலையில் போனால் கும்மிடிப்பூண்டி, தடா, சூலூர்ப்பேட்டை. அங்கே கிழக்கே திரும்பினால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் வானம் மூடாமல் இருந்தால், எங்கள் மொட்டை மாடியிலிருந்தே அந்தப் புகைக்கோடு தெரியும். 1979 ஆகஸ்ட் 10 அன்று அப்துல் கலாம் தலைமையில் அங்கிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் சுமார் 5 நிமிடத்தில் வங்கக் கடலில் விழுந்தது. அந்தத் தோல்வியை அவர் எப்படிச் சொன்னார் என்று பார்த்தாலே போதும், அவரைப் பற்றிய புத்தகங்களை எடை போட்டுவிடலாம்.

2002இல் கலாம் குடியரசுத் தலைவரானபோது மாதவரம் திருவள்ளூர் மாவட்டத்தில் தனி நகராட்சி. அடையாளம் கேட்டால் பால்பண்ணை, மூலக்கடை, ரெட்டேரி என்பார்கள். 'அக்னிச் சிறகுகள்' அப்போது வீட்டுக்கு வீடு நுழைந்திருந்தது. 1999இல் அருண் திவாரியோடு சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிய சுயசரிதையை மு. சிவலிங்கம் தமிழாக்க, கண்ணதாசன் பதிப்பகம் வெளியிட்டது. பள்ளி ஆண்டு விழாவில் பரிசு அதுதான், கல்யாணத்தில் மொய்க்கவரோடு கொடுப்பதும் அதுதான். வாங்கியவர்கள் எல்லாரும் முழுசாகப் படித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு இடங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தன. சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லாமல் அக்கா ஜொஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தது ஒன்று. டேராடூன் விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்து, 8 பேருக்கே இடம் என்பதால் திரும்பியது இன்னொன்று. ஜூன் மாதம் பிறந்தால் பள்ளிக் கட்டணத்துக்காக அடகுக்கடைக்கு நடக்கும் வடசென்னைக்கு முதல் சம்பவத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் புத்தகத்தின் உயிர் எஸ்.எல்.வி. அத்தியாயம். ஏவுவதற்குச் சற்று முன் இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலக் கசிவு தெரிகிறது. அதைச் சின்ன விஷயம் என்று கலாம் எடுத்துக்கொள்கிறார். பிறகு நடந்த ஆய்வுக் கூட்டத்தில் சகாக்கள் தொழில்நுட்பக் காரணங்களை அடுக்க, அவர் எழுந்து, கசிவைக் குறைத்து மதிப்பிட்டது தன் முடிவு, பொறுப்பும் தன்னுடையது என்கிறார். பின்னாளில் மேடைகளில் இதே கதையைச் சொன்னபோது அழுத்தம் வேறு பக்கம் சாய்ந்தது. கணினி நிறுத்தச் சொன்னது, நிபுணர்கள் போகலாம் என்றார்கள், நான் துணிந்தேன். தோற்றதும் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர் முன் பழியை ஏற்றார், 1980 ஜூலை 18இல் வென்றதும் இவரைப் பேச அனுப்பினார். அழகான கதை, பொய்யும் அல்ல. ஆனால் கேட்பவன் மனதில் தவானின் பெருந்தன்மை நிற்கிறது, கலாமின் தவறு கரைந்துவிடுகிறது. எனக்கு முதல் கலாமைத்தான் பிடிக்கும்.

பின்னால் வந்த புத்தகங்கள் பல. குடியரசுத் தலைவர் கலாமின் செயலாளராக இருந்த பி.எம். நாயர் 2008இல் எழுதிய 'தி கலாம் எஃபெக்ட்' அதிகாரியின் பார்வை. 2006இல் ராஷ்டிரபதி பவனுக்கு வந்து தங்கிய ஐம்பதுக்கு மேற்பட்ட உறவினர்களின் செலவு சுமார் மூன்றரை லட்ச ரூபாயைக் கலாம் கைப்பணத்திலிருந்து கட்டினார் என்று நாயர் சொன்னது இன்றும் நாடு முழுக்கப் பேசப்படுகிறது. நூறு புகழுரைக்கு அந்த ஒரு ரசீது சமம். கலாம் மறைந்த 2015இலேயே திவாரி தனியாக ஒரு பெரிய வரலாறு கொண்டுவந்தார். சுயசரிதைக்குக் கைகொடுத்தவரே வாழ்க்கை வரலாற்றையும் எழுதும்போது, எதிர்க்கேள்வி கேட்க ஆளில்லாமல் போகிறது.

ஆச்சரியம் என்னவென்றால், கலாமைக் கேள்வி கேட்கப் போதுமான சரக்கை அவரே 2012இல் 'டர்னிங் பாயின்ட்ஸ்' நூலில் வைத்துவிட்டுப் போனார். 2005 மே மாதம் மாஸ்கோவில் இருந்தபோது நள்ளிரவில் பீகார் சட்டசபைக் கலைப்புக்குக் கையெழுத்திட்டார். அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ராஜினாமாக் கடிதம் எழுதியதையும், பிரதமர் மன்மோகன் சிங் கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டதையும் அவரே சொல்கிறார். ஏன் நள்ளிரவில் அவ்வளவு அவசரம் என்பதற்கு அந்தப் பக்கங்களில் திருப்தியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. நல்ல வரலாற்றாசிரியன் தொடங்க வேண்டிய இடம் அது. 2004இல் சோனியா காந்தி பிரதமர் பதவிக்கு உரிமை கோரியிருந்தால் நியமிப்பதைத் தவிர வழியில்லை, கடிதமே தயாராக இருந்தது என்று எழுதியதும் அதே நூலில்தான். அவரைக் கலாம்தான் தடுத்தார் என்ற பல வருட வதந்திக்கு அது முற்றுப்புள்ளி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை, ஏனென்றால் வதந்தியைப் பரப்புகிறவர் புத்தகம் வாங்குவதில்லை.

இன்று மாதவரம் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. 2018இல் ஆந்திர பஸ்களுக்கான நிலையம் இங்கே வந்தது. மெட்ரோவுக்காகப் பால்பண்ணைப் பக்கம் பூமியைத் தோண்டியிருக்கிறார்கள். கலாம் முன்பைவிட அதிக இடத்தில் இருக்கிறார்: ஆட்டோவின் முதுகில், சலூன் கண்ணாடியில், பயிற்சி மையத்தின் பிளெக்ஸில். அரசு இளைஞர் எழுச்சி நாள் என்று அறிவித்த அக்டோபர் 15 அன்று வாட்ஸ்அப்பில் அவர் பெயரில் வரும் பொன்மொழிகளுக்குக் கணக்கில்லை. அவற்றை எங்கே, எப்போது சொன்னார் என்று கேட்டால் பதில் வராது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கோ அவர் ஒரு மதிப்பெண்: பிறந்த ஆண்டு 1931, ஊர் ராமேஸ்வரம், பாரத ரத்னா 1997.

இதில் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோற்றவரை, தவறியவரை, கையெழுத்திட்டுவிட்டுத் தூக்கம் கெட்டவரை அவர்கள் கையில் யாரும் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு விழாவில் பரிசுப் புத்தகம் வாங்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், பொன்மொழித் தொகுப்பை விட்டுவிடுங்கள். 'அக்னிச் சிறகுகள்', 'டர்னிங் பாயின்ட்ஸ்' இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். எஸ்.எல்.வி. அத்தியாயத்திலும் பீகார் பக்கத்திலும் ஒரு காகிதத்தைச் செருகிக் கொடுத்தால் இன்னும் நல்லது.