வாத்துக் குஞ்சுக்கு எத்தனை டிகிரி வேண்டும், தெரியுமா?

ஐதராபாத்தில் இன்று எத்தனை டிகிரி வெயில் என்று செய்தியில் சொல்கிறார்களே, அந்த எண் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பேகம்பேட்டிலிருந்து! பழைய விமான நிலையத்தை ஒட்டிய வானிலை மையத்திலிருந்து! 1966 ஜூன் 2 அன்று 45.5 டிகிரி. 1946 ஜனவரி 8 அன்று வெறும் 6.1 டிகிரி. இரண்டும் ஒரே ஊர்தான்!

இந்த ஊரில் வீட்டுப் பின்புறத்தில் நாலு வாத்துக் குஞ்சு வளர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். முட்டையை உடைத்து வந்த குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் முதல் சில வாரங்களுக்குக் கிடையாது. தாய்வாத்தின் அடிவயிறு தரும் கதகதப்பை ஒரு பல்பும் ஒரு தடுப்பும் தரவேண்டும். அதற்குப் பெயர்தான் புரூடர்.

எவ்வளவு சூடு? முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வந்து, நான்காம் வாரத்தில் 24. இப்போது பேகம்பேட்டைப் பாருங்கள். மே மாதப் பிற்பகலில் வெளிக்காற்றே 39, 40 டிகிரி. புரூடருக்குள் இருக்க வேண்டியதைவிட ஊரே சூடு! அப்போது பல்பை அணைத்து, நிழலும் காற்றோட்டமும் தரவேண்டும். டிசம்பர் இரவிலோ 15 டிகிரி வரை இறங்கிவிடும். பல்பு ஒருமணி நேரம் அணைந்தாலும் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும்.

தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சுகளே சொல்லும்! பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து இளைத்தால் சூடு. பரவலாகப் படுத்து, தின்று, திரிந்தால் சரியான அளவு. என்னைக் கேட்டால், கருவியைவிட இந்தக் கணக்கையே நம்பலாம்.

தரையில் செய்தித்தாள் விரிக்கக்கூடாது தெரியுமா? வழுக்கும். பிஞ்சுக் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து நிரந்தரமாகக் கோணிவிடும். சாக்கோ, உமியோ, மரத்தூளோ போதும். ஆனால் ஈரமான கூளத்தை அன்றன்றே மாற்ற வேண்டும். வாத்துக் குஞ்சு குடிப்பதைவிட இறைப்பது அதிகம்!

இன்னொரு வியப்பு: தண்ணீர்ப் பறவையின் குஞ்சைத் தண்ணீரில் விடக்கூடாது! புரூடரில் வளரும் குஞ்சு நீந்தினால் தூவி நனைந்து, விறைத்து, செத்துப்போகலாம். ஆனால் மூக்குத் துளையைக் கழுவிக்கொள்ள அலகு முழுதும் முங்கவும் வேண்டும். ஆகவே தண்ணீர்ப் பாத்திரத்தில் தலை நுழையவேண்டும், உடம்பு நுழையக்கூடாது.

தீவனத்துக்கு வருவோம். கோழிக்குஞ்சுத் தீவனமே போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கறிக்கோழிக் குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் 35 மில்லிகிராம் நியாசின் போதும். வாத்துக் குஞ்சுக்கு 55 வேண்டும்! குறைந்தால் கால் வளைந்து நொண்டும். நியாசின் எதில் நிறைய? நிலக்கடலையில். அப்படியானால் கடலைப் பிண்ணாக்கைக் கொட்டிவிடலாமா?

நில்லுங்கள்! 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. கூடவே வாத்துக் குஞ்சுகளும். தேடிப் போனால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூசணம்! அந்தப் பூசணம் சுரந்த நஞ்சுதான் அப்ளாடாக்சின். அந்த நஞ்சைச் சோதித்துக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் பயன்படுத்திய உயிர் எது தெரியுமா? ஒரு நாள் வயது வாத்துக் குஞ்சு! அதன் ஈரல் அவ்வளவு மென்மையானது. வாத்துத் தீவனத்தில் கிலோவுக்கு 0.03 மில்லிகிராமுக்கு மேல் இந்த நஞ்சு இருக்கக்கூடாது என்கிறது நம் நாட்டு வாத்து வளர்ப்பு வழிகாட்டி. மழைக்காலத்தில் மூட்டை ஈரம் பட்டதா, லேசாக முடைநாற்றம் அடிக்கிறதா, யோசிக்காமல் தூக்கி எறியுங்கள். மாட்டுக்குத் தாங்குவது குஞ்சுக்குத் தாங்காது.

பேகம்பேட்டுக்கும் வாத்துக் குஞ்சுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு! 1897 ஆகஸ்ட் 20 அன்று மருத்துவர் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது இங்குள்ள ஒரு சிறு கட்டடத்தில்தான். அடுத்த ஆண்டு கல்கத்தாவில், கிருமி கொசு வழியே பரவும் முழுப் பாதையையும் பறவைகளை வைத்தே நிரூபித்தார். 1902-இல் நோபல் பரிசு. அவர் திறந்த பறவை மலேரியா வழி எங்கே போனது? இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான மருந்துகள் மலேரியாவுக்காகச் சோதிக்கப்பட்டபோது, வாத்துக் குஞ்சுகளும் அந்தச் சோதனையைத் தாங்கின. மனித குலம் அவற்றுக்குக் கடன்பட்டிருக்கிறது.

முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சு பேசும் தெரியுமா? கில்பர்ட் காட்லீப் என்ற அமெரிக்க உளவியலாளர், முட்டைக்குள்ளேயே குரலை அடக்கிய குஞ்சுகள் தன் இனத் தாயின் அழைப்பையும் கோழியின் அழைப்பையும் பிரித்தறியத் தடுமாறுவதைக் கண்டார். தன் குரலைத் தானே கேட்டுத்தான் தாயின் குரலையும் கற்கிறது! பொரிந்த சில மணி நேரத்தில் கண்ணெதிரே நகர்வதைப் பின்தொடரும். அது நீங்களாகவும் இருக்கலாம். ஒற்றைக் குஞ்சை மட்டும் வாங்காதீர்கள். துணையில்லாமல் ஓயாது கத்தும்.

சரி, புரூடரை விட்டு வெளியே வந்தபின்? கோழிக்கூட்டில் போல ஏறி உட்காரக் கம்பு வேண்டாம். வாத்து தரையில் படுக்கும். ஒன்றுக்கு இரண்டரை முதல் நாலு சதுர அடி, காய்ந்த கூளம், கீரிப்பிள்ளையும் பூனையும் நுழையாத வலை. வரிசையின் ஓரத்தில் தூங்கும் வாத்து, வெளிப்பக்கக் கண்ணைத் திறந்தபடி பாதி மூளையால் மட்டும் தூங்குகிறது என்று 1999-இல் நிரூபித்தார்கள்! அப்படிக் காவல் காத்தாலும் கதவு பலமாக இருக்கட்டும்.

எந்த இனம் வளர்க்கலாம்? ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும் காக்கி கேம்ப்பெல்லை உலகுக்குத் தந்தவர் அடேல் கேம்ப்பெல் என்ற இங்கிலாந்துப் பெண்மணி. அவருடைய முதல் கேம்ப்பெல் வாத்துகள் வெளிவந்தது ராஸ் கல்கத்தாவில் ஆய்வு செய்த அதே 1898-இல்; காக்கி நிற வகை 1901-இல்! ஆனால் இந்த இனத்துக்கு அடைகாக்கும் பொறுமை குறைவு. நாட்டுக்கோழியை 28 நாள் உட்கார வைக்கிறார்கள். தன் குஞ்சுக்கு 21 நாள் உட்காருபவள், அடுத்தவள் குஞ்சுக்கு ஒரு வாரம் கூடுதலாக உட்காருகிறாள்! தமிழ்நாட்டு ஆரணி, சன்யாசி, கீரி வாத்துகளும் அறுவடை வயல்களில் மேய்ந்தே வளரும் உரமான இனங்கள்.

கடைசியாக ஒன்று: காலையில் எழுந்ததும் கொட்டகையைத் திறந்துவிடாதீர்கள். வாத்து கிட்டத்தட்ட எல்லா முட்டைகளையும் 9 மணிக்குள் இட்டுவிடும். முன்னாலேயே திறந்தால் முட்டையைக் குளத்தோரத்திலும் புதரிலும் தேடவேண்டிவரும்!