மாநாடு தந்த விசைப்பலகை

சென்ற ஆண்டு மலருக்காக மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். இரவு வெகுநேரம் விழித்திருந்து அண்ணனின் பழைய கணினியில் தட்டச்சு செய்தேன். மறுநாள் பள்ளிக் கணினியில் திறந்தால், தேரும் இல்லை, தமிழும் இல்லை! கொம்பும் கோடும் புள்ளியுமாக ஏதேதோ குறிகள். அன்றுதான் கடைசி நாள். கட்டுரை மலரில் இடம்பெறவில்லை. அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

காரணத்தை எங்கள் கணினி ஆசிரியைதான் விளக்கினார். கணினி அறிந்தது எண்களை மட்டுமே. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. முற்காலத்தில் தமிழ் எழுத்துருச் செய்தவர்கள் ஆளுக்கொரு விதமாக எண் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் எழுதியது மற்றவர் கணினியில் குப்பையாயிற்று. இதைத் தனியொருவரால் சரிசெய்ய இயலாது. எல்லாரும் ஓரிடத்தில் கூடி ஒப்புக்கொள்ள வேண்டும். மாநாடுகள் எதற்கென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை மாலையும் பொன்னாடையும்தான் மாநாடு என்று எண்ணியிருந்தேன்.

1997-இல் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியவர் நா. கோவிந்தசாமி. அவர் ஓர் ஆசிரியர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டில் பிறந்ததே 'தமிழ்99' விசைப்பலகை. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டோடு இணைய மாநாடும் நடந்தது. அவ்வேளையில் உலகப் பொதுவான யூனிகோடு எண்களைத் தமிழக அரசும் ஏற்றது. அண்ணன் கணினியிலிருந்தது அதற்கு முந்தைய எழுத்துரு!

எங்கள் ஆசிரியை ஒரு கருத்தரங்கிற்குச் சென்று வந்து எங்களுக்குத் தமிழ்99 கற்பித்தார். இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல்களே. ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவதன்மேல் புள்ளி தானே விழும். 'செஞ்சி'க்கு ச, எ, ஞ, ச, இ. ஞகரத்தின்பின் சகரம் வந்தால் புள்ளி வைக்க வேண்டும் என்பது பலகைக்கே தெரியும். மூன்றாம் வகுப்பில் நாம் படித்த இன எழுத்தை அது மறக்கவில்லை, நாம்தான் மறந்துவிட்டோம்.

தோழியர் பலர் கைபேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கிறார்கள். எளிதுதான், மறுக்கவில்லை. ஆனால் ல, ள, ழ மூன்றுக்கும் எந்த ஆங்கில எழுத்து என்று அவர்கள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழை எழுத ஆங்கிலத்தில் யோசிப்பானேன்? கைபேசியிலும் தமிழ்99 உண்டு.

இக்கட்டுரை முழுவதும் அந்தப் பலகையில் அடித்ததே. வலக்கைச் சுண்டுவிரலுக்குரிய 'ழ' மட்டும் இன்னும் சற்றே சண்டித்தனம் செய்கிறது. தேர்க் கட்டுரையையும் புது எண்களுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். சிஸ்டர் இடம் கொடுத்தால் அடுத்த மலரில் வரும்.