உஷார்! சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தீர்களா?

அமெரிக்காவில் யூபிஎஸ் பார்சல் நிறுவனத்தின் கிடங்கில் பகுதி நேரமாகப் பெட்டி ஏற்றிக்கொண்டு, 'நம்ம முறை வரும், அன்னைக்கு டிரைவர் ஆயிடலாம்' என்று காத்திருக்கிறீர்களா? உங்கள் மகனோ மச்சானோ அப்படிக் காத்திருக்கிறாரா? உஷார்! முறை தானாக வராது.

டிரைவர் இடம் காலியானால் சுவரில் ஒரு தாள் ஒட்டுவார்கள். வேண்டுமென்பவர் பெயரை எழுத வேண்டும். அந்தத் தாள் சில நாள்தான் இருக்கும். விடிகாலை நாலு மணிக்கு வந்து வேர்க்க விறுவிறுக்க வேனில் பெட்டி அடுக்கிவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு காருக்கு ஓடுகிறவர் கண்ணில் அது எங்கே படும்? பத்து வருட சீனியாரிட்டி இருந்தாலும், பெயர் எழுதாதவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். உள்ளே யாருமே எழுதவில்லை என்றால் வெளியாளுக்குக் கதவு திறந்துவிடும்.

உள்ளே ஆட்கள் பெயர் எழுதினாலும் வெளியாளை எடுக்கவே கூடாது என்று இல்லை. டீம்ஸ்டர்ஸ் தொழிலாளர் சங்கம் நாடு முழுக்க ஒரே ஒப்பந்தம் போட்டாலும், அதன் கீழே வட்டாரத்துக்கு ஒரு துணை ஒப்பந்தம் இருக்கிறது. பல வட்டாரங்களில் கணக்கு ஆறுக்கு ஒன்று: உள்ளே இருக்கிற ஆறு பேரை டிரைவராக்கினால்தான் வெளியிலிருந்து ஒருவர். உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம். பக்கத்து மாநிலத்து நண்பர் சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். புதிதாக வந்து நிற்கிற அந்த ஆள் ஏழாவதா, நாலாவதா என்று நீங்களும் ஷாப் ஸ்டூவர்டும் (கிடங்கில் இருக்கும் சங்கப் பிரதிநிதி) தான் எண்ண வேண்டும். கணக்கு தப்பினால் புகார் எழுதிக் கொடுக்கவும் கெடு உண்டு, பல இடங்களில் அதுவும் சில நாள்தான். தாளை போட்டோ எடுத்து, தேதியைக் குறித்து வையுங்கள்.

டிரைவராவது ஒரு வாரம் முன்னே பின்னே ஆனால் என்ன குடியா முழுகிவிடும்? முழுகும் ஐயா! முழு நேர டிரைவரின் சீனியாரிட்டி பொதுவாக முழு நேரமான நாளிலிருந்துதான் ஓடுகிறது. பெட்டி தூக்கிய வருடங்கள் ரூட் கேட்கும்போது உதவாது. உங்களுக்கு ஒரு வாரம் முந்தி உள்ளே வந்த வெளியாள், ஓய்வு பெறும்வரை உங்களுக்கு முந்தியவர்தான். நல்ல ரூட்டும் கோடை விடுமுறையும் முதலில் அவருக்கு. ஆள் குறைத்தால் முதலில் வீட்டுக்குப் போவது நீங்கள். அமேசான் சரக்கைப் பாதிக்கு மேல் குறைக்கப் போவதாக அறிவித்த யூபிஎஸ், 2025-இல் 20,000 வேலைகளைக் குறைப்பதாகவும் 73 கட்டடங்களை மூடுவதாகவும் சொன்னது. இந்த நேரத்தில் பட்டியலின் அடியில் நிற்பது ஆபத்து.

பணமும் சின்னது இல்லை. 2023 ஒப்பந்தப்படி பகுதி நேர ஆளுக்குத் தொடக்கக் கூலி மணிக்கு 21 டாலர். உச்ச சம்பளத்தை எட்டிய டிரைவருக்கோ ஒப்பந்தம் முடியும் 2028-இல் சராசரி 49 டாலர். அந்த உச்சத்தைத் தொட நாலு வருடம் ஓட்ட வேண்டும். தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் அந்த நாலு வருடத்தையும் தள்ளிவிடும்.

பெயர் எழுதியதோடு முடிந்துவிட்டதென்றும் இருக்காதீர்கள். ஓட்டுநர் பதிவில் கறை இருக்கக் கூடாது, மருத்துவச் சான்று வேண்டும், பயிற்சியில் தேற வேண்டும். அதன் பிறகு சோதனைக் காலம், பல இடங்களில் 30 நாள். தேறாவிட்டால் பழைய வேலைக்குத் திரும்பலாம். ஆனால் மறுபடி பெயர் எழுதச் சில வட்டாரங்களில் ஒரு வருடம் காக்க வைப்பார்கள். 'கிறிஸ்துமஸ் சீசனில் ஓட்டு, அப்புறம் பார்க்கலாம்' என்று சூப்பர்வைசர் தோளைத் தட்டினால் இன்னும் உஷார்! சீசனில் ஓட்டிய நாள்கள் பல இடங்களில் சோதனைக் காலத்தில் சேராது. வண்டிச் சாவியை வாங்கும் முன், 'இது முழு நேர சீனியாரிட்டியில் சேருமா?' என்று ஸ்டூவர்டை வைத்துக்கொண்டே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.