பிழைச்செய்தியில் தொலைபேசி எண் இருக்காது

கணினித் திரையில் பிழைச்செய்தி தோன்றியதும் அதைப் படிக்காமலேயே மூடிவிடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். ஓய்வுபெற்ற என் நண்பர்கள் பலரிடமும் இதைக் காண்கிறேன். ஓய்வூதிய அரசாணையை வரிவரியாகப் படித்துப் பொருள் காணும் இவர்கள், திரையில் தோன்றும் இரண்டு வரிகளுக்கு அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை முதலாக வைத்து ஒரு மோசடித் தொழிலே நடக்கிறது.

உண்மையான பிழைச்செய்தி மிரட்டுவதில்லை, நடந்ததைச் சொல்கிறது. விண்டோஸ் புதுப்பிப்பு பாதியில் நின்று, '0எக்ஸ்80070070' என்ற எண்ணைக் காட்டினால் சேமிப்புக்கு இடம் போதவில்லை என்று பொருள். தேவையற்ற கோப்புகளை நீக்கினால் போதும். எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

பழைய கணினி ஒன்றில் எந்த வலைத்தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வருகிறதா? வைரஸ் என்று பதறுவதற்கு முன், திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். அது சில ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கக்கூடும். வலைத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கடிகாரம் பின்தங்கினால், அச்சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று உலாவி கணக்கிடுகிறது. தேதியைத் திருத்தினால் தளங்கள் திறக்கும். மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் இயக்கியதும் தேதி பழையபடி மாறினால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான். பெரும்பாலும் அது 'சிஆர் 2032' என்ற வகை; விலை அற்பம். ஆனால் தேதி சரியாக இருந்து, ஒரேயொரு தளம் மட்டும் இவ்வாறு எச்சரித்தால் அங்கே மேற்கொண்டு செல்லக் கூடாது.

இந்த விவரம் தெரியாதவரிடம் ஒரு பேட்டரிக்குப் பதிலாகப் புதிய கணினியையே விற்றுவிடலாம். விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தை எப்படிச் சீர்கெடும் என்பதைப் பழைய கார்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகெர்லாஃப்; 2001-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வகுப்பில் பல ஆண்டுகள் நான் நடத்திய அந்தப் பாடத்துக்கு, கணினிப் பழுதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை.

போலி எச்சரிக்கை இந்த அறியாமையை நேரடியாகப் பணமாக்குகிறது. திரை முழுவதையும் மறைத்து, அலாரம் ஒலித்து, 'உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்கிறது. தனது பிழைச்செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது என்று மைக்ரோசாப்ட் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. அழைத்தால், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். பிறகு 'ஈவென்ட் வியூவர்' என்ற பதிவேட்டைத் திறந்து, அதிலுள்ள சிவப்புக் குறிகளைக் காட்டிப் பணம் கேட்பார்கள். நன்றாக இயங்கும் கணினியிலும் அந்தக் குறிகள் இருக்கும். வேண்டுமானால் இன்றே உங்கள் கணினியில் திறந்து பாருங்கள்.

அத்தகைய திரை தோன்றினால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் உலாவியைத் தேர்ந்து மூடிவிடலாம். ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டவர்கள் முதலில் இணையத்தைத் துண்டிக்க வேண்டும்; வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதமின்றிப் புகார் சென்றால், அப்பணம் கைமாறும் முன் முடக்கப்பட வாய்ப்புண்டு. பிள்ளைகளுக்குத் தெரிந்தால் வெட்கம் என்று மறைப்பவர்கள் இழப்பது அந்த வாய்ப்பைத்தான்.